அடுத்து எதைத் தொடணும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு போன், கம்ப்யூட்டர் கற்றுத் தருவது பற்றி வந்த கடிதங்களில் சில. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் பதில் ஒருமுறைதான்.

கே: 17 வயது மகனுக்கு எந்த டேப்லெட் வாங்கலாம்?

வீட்டில் நீங்கள் எந்த வகை போன் வைத்திருக்கிறீர்களோ, அதே வகையில் ஒரு போன். எங்காவது மாட்டிக்கொண்டால் சரிசெய்ய உடனே ஆள் கிடைக்கும். வெளியே போகும்போது அவர் கையில் இருக்கப்போவதும் போன்தான்.

கே: மகனுக்கு கம்ப்யூட்டர் வரவே மாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள்.

எது வரவில்லை? மவுஸைப் பிடிப்பதா, எழுத்தைத் தேடுவதா, ஃபைலைச் சேமிப்பதா? வயதும் எழுதவில்லை, இப்போது எதைத் தானாகச் செய்கிறார் என்றும் எழுதவில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்து, படிகளாகப் பிரித்து எழுதி, எந்தப் படியில் நிற்கிறார் என்று குறித்து அனுப்புங்கள். டபுள் கிளிக்தான் சிக்கல் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்: ஒருமுறை கிளிக் செய்து என்டர் தட்டப் பழக்குங்கள்.

கே: விரலை எடுக்காமல் அழுத்துவதால் ஐகான்கள் ஆடுகின்றன, ஆப் காணாமல் போகிறது.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் இருக்கும் அக்சஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்டு' நேரத்தை 'லாங்' ஆக்குங்கள். ஐபோனில் அக்சஸிபிலிட்டி, டச், ஹாப்டிக் டச் என்று போய் 'ஸ்லோ'. ஐபோனில் ஸ்கிரீன் டைம் வழியாக ஆப் நீக்குவதையே தடுத்துவிடலாம். ஒரே ஆப்புக்குள் நிறுத்த வேண்டுமானால் ஐபோனில் கைடட் அக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங். கற்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள், நாள் முழுக்கப் பூட்டி வைக்காதீர்கள்.

கே: மகளுக்கு 20 வயது. 8 மாதமாக வீடியோ கால் சொல்லித் தருகிறேன். நான் பக்கத்தில் இருந்தால் சரியாகச் செய்கிறாள். இல்லாவிட்டால் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

8 மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது உங்கள் குரலுக்குக் காத்திருப்பதை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருவது நிற்கவில்லை. அடுத்த படியைச் செய்ய வைக்க நாம் தரும் உதவிதான் தூண்டல். தூண்டல்களிலேயே விலக்கிக்கொள்ளச் சிரமமானது வாய்ப்பேச்சு. படத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம், விரல் காட்டுவதைக் குறைக்கலாம். "பச்சையைத் தொடு, இல்ல இல்ல, பக்கத்துல" என்று ஓடும் பேச்சை எங்கே குறைப்பீர்கள்? அதைவிடக் கொடுமை, பொறுமை போய் போனைப் பிடுங்கி நாமே அழுத்திக் கொடுப்பது. வீட்டிலும் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. பிறகு "எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை" என்ற பழி அவர் தலையில் விழுகிறது.

வேலையை 7 படியாக எழுதுங்கள்: பூட்டைத் திற, ஆப்பைத் தொடு, அம்மா படத்தைத் தொடு, கேமராவைத் தொடு, காத்திரு, பேசு, சிவப்பைத் தொடு. அவருடைய போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு படத்துக்கு ஒரு வட்டம் மட்டும் போட்டு அச்சிடுங்கள். முதலில் 6 படியை நீங்கள் செய்யுங்கள், சிவப்பை அவர் தொடட்டும். அது வந்தபின் கடைசி இரண்டு, பிறகு மூன்று என்று பின்னாலிருந்து முன்னே வாருங்கள். எங்கே ஆரம்பித்தாலும் அவர் கையால் வேலை முடிகிறது, அதனால் சலிப்பதில்லை.

அவர் முறை வரும்போது வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். அசையாவிட்டால் அச்சிட்ட படத்தைக் காட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் திரையைத் தொடாமல் விரலால் காட்டுங்கள். 3 நாள் தொடர்ந்து தானாகச் செய்தால் அந்தப் படி முடிந்தது. நீங்கள் உட்காரும் இடத்தையும் நகர்த்துங்கள்: பக்கத்தில், பின்னால், கதவருகே, அடுத்த அறையில்.

பெரும்பாலும் இடறுவது நாலாவது படி. சாதா காலும் வீடியோ காலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வட்டத்தைச் சரியாகப் போடுங்கள். இன்னொன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: எதிர்முனையில் எடுக்காவிட்டால் என்ன செய்வது? வேண்டுமென்றே எடுக்காமல் இருந்து அதையும் பழக்குங்கள்.

கே: பயிற்சி மையத்து டேப்லெட்டில் எல்லாம் செய்கிறார். வீட்டு போனில் ஒன்றும் வருவதில்லை.

ஐகான் இருக்கும் இடம் மாறினாலே பலருக்கு அது புது வேலை. மையத்துக்கு அவருடைய போனையே கொடுத்தனுப்புங்கள். ஆப் அப்டேட் ஆனால் முதலில் நீங்கள் திறந்து பார்த்து, திரை மாறியிருந்தால் படத்தையும் மாற்றுங்கள்.

கே: பின் நம்பர் மறந்துபோகிறது. கைரேகை போதாதா?

போதாது. போனை அணைத்துப் போட்டால் பின் கேட்கும். எண்ணாக மனப்பாடம் செய்ய வைக்காமல், கட்டங்களில் விரல் போகும் பாதையாகப் பழக்குங்கள். 2580 நேர்கோடு என்று அதையே வைத்துவிடாதீர்கள், ஊருக்கே தெரியும்.

கே: 22 வயதுக் குழந்தை, படிக்கத் தெரியாது. மெசேஜ் அனுப்ப முடியுமா?

22 வயதுக்காரர் குழந்தை அல்ல. முடியும்: காண்டாக்டுக்குப் படம் வையுங்கள், வாய்ஸ் மெசேஜ் பழக்குங்கள், வந்ததைப் படித்துக் காட்டும் வசதியை அக்சஸிபிலிட்டியில் போடுங்கள். இதையும் அவருடைய போனில்.

கே: முகம் தெரியாதவர்களோடு பேசாதே என்று சொல்லியும் கேட்பதில்லை.

4 நாள் பேசியவர் அவர் கணக்கில் தெரிந்தவர். ஆளை வைத்து விதி போட்டால் நிற்காது, கேட்பதை வைத்துப் போடுங்கள். பணம், ஓடிபி, உடையில்லாத படம், "வீட்டில் சொல்லாதே". இந்த நாலில் எது வந்தாலும், யாரிடமிருந்து வந்தாலும், பதில் போடாமல் கொண்டுவந்து காட்ட வேண்டும். பயிற்சிக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேறு எண்ணிலிருந்து விதவிதமாக அனுப்பிப் பாருங்கள். காட்டும்போது திட்டினால் அடுத்த முறை காட்ட மாட்டார்.

கே: தினமும் எவ்வளவு நேரம்?

15 நிமிடம் தாராளம். ஞாயிறு மட்டும் ஒன்றரை மணி நேரம் என்பது வீண். தொடங்கும் முன் சார்ஜைப் பாருங்கள்: 20 சதவீத வாக்கில் நடுவே வரும் எச்சரிக்கைப் பெட்டி படத்தில் இருக்காது, அங்கேயே நின்றுவிடுவார்.