கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் வரும் கறுப்புத் திரைக்கும் டெர்மினல் விண்டோவுக்கும் என்ன வித்தியாசம்?

லினக்ஸைப் பொறுத்தவரை, எழுத்தைத் திரையில் வரைவது யார் என்பதுதான் முக்கியமான வித்தியாசம். கறுப்புத் திரையில் கெர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியே, வரைகிறது. விண்டோவில் க்னோம் டெர்மினல் மாதிரி ஒரு சாதாரண நிரல் வரைகிறது. உள்ளே ஓடும் ஷெல்லுக்கு, அதாவது உங்கள் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு, இரண்டும் ஒன்றுதான்.

நீங்களே பார்க்கலாம். விண்டோவில் 'டிடிஒய்' என்று கட்டளை கொடுத்தால் '/டெவ்/பிடிஎஸ்/0' என்பதுபோல வரும். அதையே கறுப்புத் திரையில் கொடுத்தால் '/டெவ்/டிடிஒய்3' என்று வரும். முன்னது போலி டெர்மினல், பின்னது மெய்நிகர் கன்சோல். கன்சோல்களுக்கு 1 முதல் 63 வரை எண் உண்டு. ஆனால் பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழக்கமாக முதல் 6 கன்சோல்களில்தான், அதுவும் நீங்கள் அங்கே போகும்போதுதான், லாகின் கேட்கும் நிரலைத் தொடங்கும். க்னோம் டெஸ்க்டாப் உள்ள உபுண்டு, ஃபெடோராவில் லாகின் திரை 1இலும் உங்கள் டெஸ்க்டாப் 2இலும் இருக்கும். அதனால்தான் எல்லோரும் எஃப்3 அழுத்தச் சொல்கிறார்கள்.

விசைப்பலகைக்கும் நிரலுக்கும் நடுவே கெர்னலில் லைன் டிசிப்ளின் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. உண்மையான வேலை நடப்பது அங்கேதான். அடித்ததை அப்படியே திருப்பிக் காட்டும் 'கேட்' (cat) கட்டளையை மட்டும் தட்டி என்டர் கொடுத்துவிட்டு, நாலு எழுத்து அடியுங்கள், இரண்டை பேக்ஸ்பேஸால் அழியுங்கள். இதுவரை கேட் நிரலுக்கு ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. திரையில் தெரிந்தது, அழிந்தது எல்லாமே கெர்னல் செய்தது. என்டர் தட்டிய பிறகுதான் மிச்சமிருக்கும் வரி மொத்தமாக நிரலிடம் போகிறது. கண்ட்ரோல்+சி அடித்தால் அது எழுத்தாக நிரலுக்குப் போகவே போகாது. இந்த அடுக்கு அதைப் பிடித்து, முன்னணியில் ஓடும் நிரல்களுக்கு குறுக்கீட்டு சிக்னல் அனுப்புகிறது. கடவுச்சொல் அடிக்கும்போது எதுவும் தெரியாமல் இருப்பதும், எக்கோ என்ற ஒரு கொடியை, அதாவது ஆன்/ஆஃப் அமைப்பை, நிரல் அணைக்கச் சொல்வதால்தான்.

இது தெரிந்தால் பல மர்மங்கள் விலகிவிடும். கண்ட்ரோல்+எஸ் தவறிப் பட்டு டெர்மினல் உறைந்துவிட்டதா? கண்ட்ரோல்+கியூ அழுத்துங்கள். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 மாதிரியான இயந்திரங்களில் காகித நாடா படிப்பானை நிறுத்தவும் ஓட்டவும் பயன்பட்ட அதே குறியீடுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. விம் எடிட்டர் மாதிரி ஒரு நிரல் பாதியில் செத்துப்போய், அடிப்பது எதுவும் திரையில் தெரியவில்லையா? அந்த நிரல் மாற்றிய கொடிகளைத் திருப்பிப் போட யாருமில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு 'ரீசெட்' என்று அடித்து என்டர் கொடுங்கள். என்டரும் வேலை செய்யாவிட்டால் கண்ட்ரோல்+ஜே.

சரி, விண்டோவில் இந்த அடுக்கு எங்கே வருகிறது? டெர்மினல் நிரல் தொடங்கும்போது '/டெவ்/பிடிஎம்எக்ஸ்' என்ற கோப்பைத் திறக்கிறது. கெர்னல் ஒரு குழாயின் இரு முனைகளைப் போல ஒரு ஜோடியை உருவாக்கித் தருகிறது. ஒரு முனை டெர்மினல் நிரலிடம், மறுமுனை ஷெல்லிடம், நடுவில் அதே லைன் டிசிப்ளின். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போனாலும் இதே ஏற்பாடுதான். விண்டோவை மூடினால் முதல் முனை மூடுகிறது. ஷெல்லுக்கு 'தொடர்பு அறுந்தது' என்ற சிக்னல் போகிறது. அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் சேர்ந்து சாகிறது. டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஷெல்லை ஓட்டினால், அது அந்த முதல் முனையைத் தானே பின்னணியில் பிடித்துக்கொள்வதால்தான் உங்கள் வேலை பிழைக்கிறது. சர்வர் பார்ப்பவர்கள் எல்லோரும் முதல் நாளே பழக வேண்டிய கருவி என்று இதைத்தான் சொல்வேன்.

கறுப்புத் திரையை நான் நாடுவது டெஸ்க்டாப் தொங்கும்போது. எஃப்3க்குப் போய், லாகின் செய்து, 'டாப்' மூலம் மெமரியை விழுங்கும் நிரலைக் கண்டுபிடித்துக் கொன்றுவிட்டு, எஃப்2க்குத் திரும்பினால் பெரும்பாலும் திறந்து வைத்த கோப்புகள் அப்படியே இருக்கும். ரீபூட் தேவையில்லை. ஆனால் ஒன்று: வேலண்ட் என்ற காட்சி முறையில் ஓடும் டெஸ்க்டாப்பில் விசைகளை டெஸ்க்டாப் நிரல்தான் வாங்கிக்கொள்கிறது. அதுவே முழுதாக உறைந்துவிட்டால் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3ஐக் கவனிக்க யாருமில்லை. அப்போது வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து, ரூட்டாக (நிர்வாகியாக), கன்சோலை மாற்றும் 'சிஹெச்விடி 3' கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு எஸ்எஸ்ஹெச் சர்வர் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் எல்லா மெஷினிலும் அதை இயக்கியே வைத்திருக்கிறேன்.

அப்புறம், தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மெய்நிகர் கன்சோலில் தமிழ் தெரியாது, கட்டங்களாகத்தான் வரும். கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் அடங்கும். தமிழின் அடிப்படை வடிவங்களை அதற்குள் அடைத்துவிடலாம் என்றாலும், கெர்னல் ஒரு கட்டத்துக்கு ஒரு குறியீடு என்று வரிசையாக வைக்குமே தவிர, 'கொ'வில் ஒற்றைக்கொம்பை முன்னே கொண்டுவந்து காலைப் பின்னே போடும் வேலை அதற்குத் தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை. அங்கே தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் தொட வேண்டி வந்தால், 'எல்எஸ் -ஐ' கொடுத்து அதன் ஐநோட் எண்ணை, அதாவது கோப்பை உள்ளே அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். பிறகு 'ஃபைண்ட்' கட்டளையில் '-ஐநம்' என்று அந்த எண்ணைக் கொடுத்தால், பெயரை அடிக்காமலேயே அதை நகர்த்தலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம்.