வலென்ஷியா தீவில் ஐந்து நாள்: படகுக்கு எந்த நாளை ஒதுக்குவது?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஜூலை முதல் வாரத்தில் அப்பா, அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். கெர்ரி கடற்கரையில் உள்ள வலென்ஷியா தீவில் ஐந்து இரவு தங்க நினைக்கிறோம். ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவில் ஏறியே ஆக வேண்டும் என்கிறார் அப்பா. அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்படித் திட்டமிடுவது?

பதில்: அம்மாவை ஸ்கெல்லிக் மைக்கேலில் ஏற்ற வேண்டாம். முதலில் இதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. மேலே உள்ள மடாலத்துக்கு 618 படிகள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு துறவிகள் அடுக்கிய கற்பலகைகள் அவை. ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இருக்காது, பெரும்பகுதிக்குக் கைப்பிடியும் கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. 2009-ல் இரண்டு பயணிகள் அங்கே விழுந்து இறந்திருக்கிறார்கள். தீவில் கழிப்பறை இல்லை, மழைக்கு ஒதுங்கவும் இடமில்லை.

அதற்காக அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. படகுப் பயணம் இரண்டு வகை: தீவில் இறங்கவிடுவது ஒன்று, இறக்காமல் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புவது இன்னொன்று. அப்பாவும் நீங்களும் முதல் வகையில் போங்கள்; மூவரும் சேர்ந்து போக நினைத்தால் இரண்டாவது. சுற்றிவரும் படகு பக்கத்திலுள்ள சிறிய ஸ்கெல்லிக்கையும் நெருங்கிப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் பனி படிந்திருப்பதுபோல் தெரியும். கிட்டே போனால் அத்தனையும் கானெட் கடற்பறவைகள், பல்லாயிரம் ஜோடி. பஃபின் பறவைகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடலுக்குப் போய்விடும் என்பதால் ஜூலை முதல் வாரம் நல்ல தேர்வு.

இறங்கும் படகுகள் மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரைதான் ஓடும். உரிமம் பெற்ற ஒரு படகுக்கு 12 பேர், நாளொன்றுக்கு மொத்தம் 180 பேர் அளவுக்குத்தான் அனுமதி. கோடைக்கான இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். ஆகவே வீடு பார்ப்பதற்கு முன் படகைப் பதிவு செய்யுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது நாளைத் தேர்ந்தெடுப்பதில். கடைசி நாளில் படகை வைக்காதீர்கள். வந்து சேர்ந்த மறுநாளே வையுங்கள். படகு ரத்தாவது இங்கே சகஜம். அதற்குக் காரணம் பெரும்பாலும் மழை அல்ல, அலையெழுச்சி. எங்கோ அட்லாண்டிக் நடுவே அடித்த புயலின் அலை, இங்கே வெயில் காயும்போதும் வந்து சேரும். நம் குமரிக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பாறையோரம் படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஆட்களை இறக்க முடியாது. தூறலும் மேகமுமாக உள்ள நாளில் படகு போகலாம், நீலவானம் தெரியும் நாளில் போகாமலும் இருக்கலாம். எனவே அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரன் வெளியிடும் கடல் முன்னறிவிப்பில் மழைச் சின்னத்தைப் பார்க்காமல் காற்றையும் அலையெழுச்சியையும் பாருங்கள். ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வரும் உடம்பானால் மாத்திரையைக் கரையிலேயே போட வேண்டும். படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை.

தீவுக்குள் நுழைய இரண்டு வழி. போர்ட்மகீயிலிருந்து பாலம், காஹர்சைவீன் ஊரைத் தாண்டி ரீனார்ட் முனையிலிருந்து நைட்ஸ்டவுனுக்குக் கார் ஏற்றும் ஃபெர்ரி. ஃபெர்ரி ஐந்து நிமிடப் பயணம்தான், முன்பதிவு தேவையில்லை, கோடை மாதங்களில் போய்வந்தபடி இருக்கும். ஸ்கெல்லிக் படகுகள் பெரும்பாலும் போர்ட்மகீயிலிருந்து கிளம்புவதால் அன்று காலை பாலத்து வழியே போங்கள். ஃபெர்ரி வரிசையில் நின்று படகைத் தவறவிட வேண்டாம்.

ஜூலையில் பல வாடகை வீடுகளைச் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். ஐந்து இரவு போதுமென்றால் காலை உணவோடு அறை தரும் வீடுகளைத் தேடுங்கள். சமையலறையுள்ள வீடு கிடைத்தால் அரிசி, பருப்பு, பொடி வகைகளை டப்ளினிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற சாமான்களுக்கும் பெட்ரோலுக்கும் காஹர்சைவீன்.

அம்மாவுக்கு ஏற்ற இடம் ஜியோகான் மலை. 266 மீட்டர் உயரம். கட்டணம் கட்டி உச்சிவரை காரிலேயே போகலாம். ஒரு பக்கம் ஃபோகர் செங்குத்துப் பாறைகள், இன்னொரு பக்கம் ஸ்கெல்லிக் தீவுகள். மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறாதீர்கள், ஒன்றும் தெரியாது. ப்ரே முனையில் உள்ள பழைய காவல் கோபுரத்துக்கு நடக்கத்தான் வேண்டும். சீரான ஏற்றம், போய்வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஜூலையில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகிறது. ஆகவே சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு ஏழு மணிக்குமேல் கிளம்புங்கள். பகல் கூட்டம் போயிருக்கும்.

வடகரையில் நான்குகால் உயிரி ஒன்று நடந்துபோன தடம் இருக்கிறது, சுமார் 38.5 கோடி ஆண்டு பழையது. 1993-ல் ஒரு புவியியல் மாணவர் கண்டுபிடித்தார். டைனோசர் பாதம் மாதிரி எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். உண்மையில் தெரிவது, ஊதாச் சாம்பல் நிறப் பாறையில் கட்டைவிரலால் அழுத்தியதுபோன்ற சிறு குழிகள், இரண்டு வரிசையாக. உச்சிவெயிலில் அவை கண்ணுக்கே படாது. வெயில் சாய்ந்து விழும்போது குழிகளில் நிழல் கட்டும். அப்போது நின்று பாருங்கள். முதலில் நீரிலிருந்து தரைக்கு வந்த முதுகெலும்பிகளின் காலத்தை நேரே காட்டும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. பாதை செங்குத்து, பாறை வழுக்கும். தடத்தின்மேல் கால் வைக்கக் கூடாது.

அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி கரையேறியதும் இந்தத் தீவில்தான். 1858-ல் போட்டது சில வாரத்தில் செத்துப்போனது. 1866-ல் போட்டது நிலைத்தது. மழை கொட்டும் நாளுக்கு நைட்ஸ்டவுனில் உள்ள தந்தி நிலையத்தை ஒதுக்கி வையுங்கள்.

மீதி ஒரு நாள் ஸ்கெல்லிக் வளையச் சாலைக்கு. போர்ட்மகீயிலிருந்து குமனாஸ்பிக் கணவாய் ஏறி, செயின்ட் ஃபினியன் விரிகுடா வழியாக பாலின்ஸ்கெல்லிக்ஸ் வரை. பெரிய சுற்றுலாப் பேருந்துகள் வராத குறுகிய சாலை; எதிரே கார் வந்தால் ஒதுங்குமிடம்வரை பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்குச் சிறிய காரையே கேளுங்கள். செயின்ட் ஃபினியன் விரிகுடாவில் நீரோட்டம் பலம், குளிக்க இறங்காதீர்கள். பாலின்ஸ்கெல்லிக்ஸ் மணற்கரை அதற்குப் பரவாயில்லை.

ஜூலைதானே என்று மெல்லிய துணி கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். பகலிலேயே 15 முதல் 18 டிகிரிதான், கடற்காற்று வேறு. குடை இங்கே முறிந்துபோகும். தொப்பி வைத்த மழைக்கோட்டு மூன்று பேருக்கும் வாங்குங்கள். அப்பாவுக்குக் கணுக்காலைப் பிடிக்கிற, அடியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் அவசியம். புதிதாக வாங்குவதானால் ஒரு வாரம் போட்டு நடந்து பழகிய பிறகே படியேற வேண்டும்.