வென்ற பணத்தை எடுக்க இன்னும் பணம் கேட்கிறார்கள்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. கிரிப்டோ நாணயத்தில் இயங்கும் ஓர் இணையச் சூதாட்டத் தளத்தில் பல மாதங்களாக விளையாடி வருகிறான் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அவன் கணக்கில் 6,200 டெதர் (ஒன்று ஏறக்குறைய ஓர் அமெரிக்க டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம்) இருப்பதாகத் திரை காட்டுகிறது. அதை எடுக்கப் போனால், முதலில் 900 டெதரை 'சரிபார்ப்பு வைப்புத்தொகை'யாக அனுப்பச் சொல்கிறார்கள். அந்தத் தொகையை என்னிடம் கடனாகக் கேட்கிறான். தளத்துக்கு உரிமம் இருக்கிறது, ஆட்டத்தின் நேர்மையை நாமே சோதித்துப் பார்க்கலாம், அடையாளச் சான்றுகூடக் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்றெல்லாம் வாதாடுகிறான். கொடுக்கலாமா? அப்பாவிடம் சொல்ல வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். 900 மட்டுமல்ல, 9 கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவனுடைய 6,200 அவர்கள் கையில்தானே இருக்கிறது? கட்டணமோ வரியோ வைப்புத்தொகையோ, எதுவானாலும் அதிலிருந்து கழித்துக்கொண்டு மீதி 5,300-ஐ அனுப்ப வேண்டியதுதானே? கழிக்க மாட்டார்கள். திரையில் தெரியும் அந்த எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் பணமே இருக்காது. 900 போய்ச் சேர்ந்ததும் வரி என்பார்கள், பிறகு பணமோசடித் தடுப்புச் சோதனை என்பார்கள், கணக்கை மேல்நிலைக்கு உயர்த்தக் கட்டணம் என்பார்கள். இல்லாத பரிசைக் காட்டி முன்பணம் பறிக்கும் மோசடி இணையத்தைவிட வயதானது. கிரிப்டோ அதற்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பியின் வாதங்களைத் தள்ளிவிட்டுப் போகவும் கூடாது. ஒவ்வொன்றிலும் அரை உண்மை இருக்கிறது. அதனால்தான் படித்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆட்டத்தின் நேர்மையைச் சோதிக்கலாம் என்கிறானே, அப்படி ஒரு தொழில்நுட்பம் உண்மையிலேயே உண்டு. பந்தயம் வைப்பதற்கு முன்பே, முடிவைத் தீர்மானிக்கும் ரகசிய எண்ணின் 'ஹாஷ்' எனப்படும் குறியீட்டைத் தளம் வெளியிட்டுவிடும். ஆட்டக்காரரும் தன் பங்குக்கு ஓர் எண் கொடுப்பார். பின்னர் ரகசிய எண் வெளியாகும்போது, அது முன்பு காட்டிய குறியீட்டோடு பொருந்துகிறதா என்று யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பந்தயம் வைத்த பிறகு முடிவை மாற்றவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இது பகடைக்கு மட்டுமே சாட்சி சொல்லும், கல்லாப்பெட்டிக்குச் சொல்லாது. வென்ற பணத்தைத் தருவார்களா, தரும் அளவுக்கு இருப்பு வைத்திருக்கிறார்களா என்பதை எந்த ஹாஷும் காட்டாது. போலித் தளங்களோ இந்த முத்திரையை வெறும் அலங்காரமாக ஒட்டிவைக்கின்றன. தம்பி இதுவரை ஒரு சுற்றையாவது தானே கணக்கிட்டுப் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். பார்த்திருக்க மாட்டான் என்பது என் ஊகம்.

ஆட்டம் நேர்மையாகவே நடந்தாலும் கணக்கு தளத்தின் பக்கம்தான். 37 எண்கள் கொண்ட ரூலெட் என்னும் சுழல்சக்கர ஆட்டத்தில் ஓர் எண்ணில் வென்றால் 35 மடங்குதான் லாபம் தருவார்கள். அந்தச் சிறு இடைவெளியால் வைக்கும் பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம் தளத்துக்குப் போகிறது. ஊக்கத்தொகை இன்னும் மோசம். 100 போட்டால் 100 இலவசம் என்பார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்த தொகையை 40 மடங்கு சுழற்றிய பிறகே எடுக்க முடியும் என்று விதிகளில் எழுதியிருக்கும். அதாவது 8,000-க்குப் பந்தயம் வைக்க வேண்டும். தளத்தின் பங்கு 4 சதவீதம் என்றால் எதிர்பார்க்கக்கூடிய இழப்பு 320. கையில் இருப்பதோ 200. கிரிப்டோ விலை ஏறி இறங்குவதெல்லாம் இதற்கு மேல் வரும் தனித் தலைவலி.

அடுத்தது உரிமம். பக்கத்தின் அடியில் ஒரு முத்திரைப் படம் இருப்பதும் உரிமம் இருப்பதும் வேறு வேறு. படத்தை அழுத்திப் பார்க்காதீர்கள், அது கொண்டுபோகும் பக்கமும் போலியாக இருக்கலாம். உரிமம் தரும் அமைப்பின் தளத்துக்கு நீங்களே தனியாகச் சென்று பட்டியலில் தேடுங்கள். பல கிரிப்டோ சூதாட்டத் தளங்கள் கரீபியன் தீவான குராசோவின் உரிமத்தைக் காட்டும். அங்கே நெடுங்காலம் ஒருசில நிறுவனங்கள் தலைமை உரிமம் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் துணை உரிமங்களை வழங்கிவந்தன. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் உரிமம் தரும் பொறுப்பை அரசு ஆணையத்தின் நேரடிக் கைக்குக் கொண்டுவந்தது. கொமொரோஸ் நாட்டின் அஞ்சுவான் தீவு உரிமமும் இப்போது நிறையத் தென்படுகிறது. உரிமம் உண்மையாகவே இருந்தாலும், விளையாடுபவர் வாழும் நாட்டில் அது செல்லுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனின் சூதாட்ட ஆணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளரின் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. பாதுகாப்பே இல்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். தம்பியின் தளம் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா?

அடையாளச் சான்று கேட்கவில்லை என்பதைத் தம்பி சலுகையாக நினைக்கிறான். எனக்கு அதுதான் மிகவும் அச்சம் தருகிறது. பணம் உள்ளே வரும்போது யாரென்று கேட்காத தளம், வெளியே போகும்போது கடவுச்சீட்டு, முகப்படம், வருமானச் சான்று என்று வரிசையாகக் கேட்கும். தடைசெய்யப்பட்ட நாட்டிலிருந்து, இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். வழியாக விளையாடியதாகச் சொல்லி வென்றதை முடக்க, பெரும்பாலான தளங்களின் விதிகளில் ஏற்கெனவே இடம் வைத்திருப்பார்கள். கொடுக்கும் ஆவணங்கள் முகம் தெரியாதவர்களிடம் போய்ச் சேரும். கொடுக்காவிட்டால் பணம் போகும். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் உறுதியான பரிமாற்றத்தைத் திருப்பும் பொத்தான் யாரிடமும் கிடையாது. டெதரை வெளியிடும் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும் என்பது உண்மை. ஆனால் தனிமனிதரின் மின்னஞ்சலுக்காக அது நடப்பதில்லை, புலனாய்வு அமைப்புகள் கேட்க வேண்டும்.

ஒருவேளை பணம் வந்தே விட்டாலும் நிம்மதி இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, தென்கிழக்கு ஆசியாவில் இணையச் சூதாட்டத் தளங்களும் டெதரும் கறுப்புப் பண வலைப்பின்னலின் முக்கிய வழிகளாகிவிட்டதை விவரிக்கிறது. அப்படி வந்த நாணயத்தை விற்றுப் பணமாக்கினால், எங்கோ நடந்த மோசடி வழக்கில் தம்பியின் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம்.

இப்போது செய்ய வேண்டியவை. தளத்தோடு சண்டை போட வேண்டாம், கணக்கை மூடிவிடுவார்கள். அதற்கு முன் உரையாடல்கள், இருப்புத் தொகை, விதிமுறைப் பக்கம் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் பரிமாற்ற எண்ணையும் பெறுநர் முகவரியையும் தனியே எழுதுங்கள். இவற்றோடு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். எந்தப் பரிமாற்ற நிறுவனம் வழியாக நாணயம் வாங்கினானோ அங்கும் தெரிவியுங்கள். தன் வாலெட்டை (கிரிப்டோ நாணயம் வைக்கும் மின்பணப்பையை) அந்தத் தளத்தோடு இணைத்திருந்தால், கொடுத்த அனுமதிகளை ரத்து செய்துவிட்டு, மிச்சத்தைப் புதிய வாலெட்டுக்கு மாற்றட்டும். தளம் கொடுத்த செயலியைக் கைபேசியில் நிறுவியிருந்தால், இந்த மாற்றத்தை வேறொரு சாதனத்திலிருந்து செய்வது நல்லது.

இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று சில நாட்களில் யாராவது தொடர்புகொள்வார்கள். அவர்கள் கேட்பதும் முன்பணம்தான். ஏமாந்தவர்களின் பட்டியலே விலைக்குப் போகும் உலகம் அது.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. பல மாதம் மறைத்திருக்கிறான், இப்போது கடன் கேட்கிறான். வேறு யாரிடமெல்லாம் வாங்கியிருக்கிறான் என்று கேட்டீர்களா? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது, கட்டுப்படுத்த முடியாத சூதாட்டத்தை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. திட்டினால் அது தீராது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல நாடுகளில் விளையாடுபவர் தன்னைத்தானே தடைசெய்துகொள்ளும் பதிவேடுகள் உண்டு. ஆனால் உரிமமில்லாத தளங்களை அவை கட்டுப்படுத்தாது. எனவே சூதாட்டத் தளங்களை மறிக்கும் மென்பொருளை அவன் சம்மதத்தோடு எல்லாச் சாதனங்களிலும் போட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்வதைப் பொறுத்தவரை, முதலில் தம்பியே சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். நீங்கள் உடன் இருங்கள், முழுக் கடன் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். அவன் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தடித்தாலோ, கடன் கொடுத்தவர் யாரேனும் மிரட்டத் தொடங்கியிருந்தாலோ, அவன் கோபத்தைப் பார்க்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.