காது மெஷினும் தக்காளி மண்டியும்

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மூன்று வாரத்துக்கு முன் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். காதுக்குப் பின்னால் மாட்டுவது, பட்டன் செல் போடுவது. ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு மாட்டிக்கொண்டு போனவர், வந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். “தட்டு விழற சத்தம் மண்டையைப் பொளக்குது, நீங்க பேசறது மட்டும் வெளங்கல” என்கிறார். ஏமாந்துவிட்டோமா?
– ம., ராயக்கோட்டை

அன்புள்ள ம.,

மெஷினைக் குறை சொல்லும் முன் மண்டியைச் சொல்ல வேண்டும். ஏலக் கூச்சல், தக்காளிப் பெட்டி இறக்கும் சத்தம், லாரி எல்லாவற்றையும் மெஷின் சேர்த்தேதான் கூட்டும். அங்கே போக ஒரு மாதமாவது பொறுக்கட்டும்.

பட்டறைச் சத்தம் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளை. உயிரொலிகள் தப்பிவிடும், மெய்கள் தேய்ந்துபோகும். காசு, காது, காடு மூன்றும் அவருக்கு ‘கா...உ’தான். “சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல” என்பது இதனால்தான். உள்காதில் செத்த உணர்வணுக்கள் திரும்ப முளைக்காது. மெஷின் போட்டாலும் பழைய காது வராது. வருஷக்கணக்கில் கேளாத தட்டுச் சத்தமும் ஃபேன் சத்தமும் திடீரென்று வருவதால் மூளை எதை ஒதுக்குவது என்று தெரியாமல் திணறுகிறது. அது பழக சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் மூன்றடி தூரத்தில் முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம். தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் போய்விடும், அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை. தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் இருக்கிறது என்பார். தினசரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், மாதக் கடைசியில் எழுந்தது முதல் படுக்கும்வரை. விசேஷத்துக்கு மட்டும் மாட்டுகிறவருக்கு மெஷின் பழகவே பழகாது.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. தட்டுச் சத்தம் நிஜமாகவே வலித்தால், உச்ச ஒலி அளவைக் கம்ப்யூட்டரில் குறைக்க வேண்டும். அவராக வால்யூமைக் குறைத்தால் பேச்சும் சேர்ந்து போய்விடும். எந்தச் சத்தம், எந்த இடம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மெஷினைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள். “சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் திருத்த முடியாது. கீ என்று விசில் அடித்தால், காதுக்குள் செருகும் அச்சின் மேல்நுனி காது மடிப்புக்குள் உட்காரவில்லை, அல்லது உள்ளே குறும்பி அடைத்திருக்கிறது. விட்டு விட்டுக் கேட்டால் மெஷினையும் அச்சையும் இணைக்கும் டியூபைப் பாருங்கள். வெயில் காலத்தில் வியர்வை ஒரு துளி நின்றாலே ஒலி அடைபடும். அச்சைக் கழற்றித்தான் கழுவ வேண்டும், மெஷினில் தண்ணீர் படக் கூடாது.

அலமாரியிலிருந்து எடுத்ததும் செல்லை மாற்றுங்கள். ஸ்டிக்கரை உரித்தால் காற்றுப் பட்டு வேலையைத் தொடங்கும் செல் அது. சும்மா கிடந்தாலும் தீர்ந்துபோகும், ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டியும் மிச்சப்படுத்த முடியாது. ஆரஞ்சு ஸ்டிக்கர் என்றால் 13 நம்பர் சைஸ், பழுப்பு என்றால் 312. புதியதை உரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டு மூடியைச் சாத்துங்கள். உரித்தவுடன் போட்டதால் ‘செத்த செல்’ என்று தூக்கி எறியப்பட்டவை ஏராளம்.