பெயர் தெரியாத மூன்று செடிகள்

கேள்வி: அன்ரி, வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டுக்கு மாறியிருக்கிறோம். மதிலோரம் மூன்று செடிகள் காடாக வளர்ந்து நிற்கின்றன, பூ ஒன்றுமில்லை. ஒன்றுக்குக் கறிவேப்பிலை மாதிரி இலை, ஆனால் அந்த மணம் இல்லை. இன்னொன்றுக்கு ஒடுங்கிய நீள இலை, ஒடித்தால் பால் வடிகிறது. மூன்றாவதன் இலை அகலம், ஓரம் பல் பல்லாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா, பெப்ரவரியிலேயே எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்கிறார். வெட்டலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கத்தரியைக் கொஞ்சம் கீழே வையுங்கள், பிள்ளை. அண்ணா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி, அங்கேயும் எல்லாச் செடிக்கும் அல்ல. கோடையில் புதுத் தளிரில் பூப்பவற்றைத்தான் முளை வெடிக்குமுன் வெட்டுவார்கள். லைலாக் போன்றவை போன வருடக் கொப்பிலேயே மொட்டை வைத்திருக்கும். அதை அப்போது வெட்டினால் அந்த வருடப் பூ போய்விடும். ஆகவே எந்த ஊரிலும் முதலில் பார்க்க வேண்டியது, பூ பழைய கொப்பில் வருகிறதா, புதுக் கொப்பில் வருகிறதா என்பதைத்தான்.

கொழும்பில் பனியும் இல்லை, செடிக்கு உறக்கமும் இல்லை. மழைதான் கணக்கு. பெப்ரவரி வெயிலில் ஒட்ட வெட்டினால் துளிர்ப்பது வாடும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பின்னேரத்து இடிமழை வரத் தொடங்கும், பெரிய வெட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் வேண்டாம். வெட்டுவாய் காயாமல் பூஞ்சணம் ஏறி, கொப்பு நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுக்கொண்டு வரும்.

சரி, உங்கள் செடிகளுக்கு வருவோம். முதலாவதன் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் புள்ளிகள் மின்னினால் அது எலுமிச்சைக் குடும்பம். கறிவேப்பிலையும் அதே குடும்பந்தான். கசக்கினால் லேசாக எலுமிச்சை இலை வாசமும் வருகிறதென்றால், பெரும்பாலும் எட்டேரியா. நர்சரியில் இந்தப் பெயரைச் சொன்னால் விளங்கும். மழைக்குப் பிறகு வெள்ளைப் பூ சொரியும், இரவில் வளவே மணக்கும். வேலிபோல் ஓயாமல் நுனியைக் கத்தரித்துக்கொண்டிருந்தால் பூவே வராது, ஏனென்றால் பூப்பது அந்த நுனியில்தான். ஒரு பூப்பு முடிந்த கையோடு வெட்டி, பிறகு விட்டுவிடுங்கள். கொழும்பு வளவுகளில் நான் அதிகம் கவலைப்படுவது இந்தச் செடிக்காகத்தான். எத்தனையோ வீடுகளில் இது பூக்கும் செடி என்றே தெரியாமல் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பால் வடிவதில் கவனம். ஒரு கணுவில் மும்மூன்றாக இலை இருந்தால் அது அலரி. ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி இருந்து, பாலும் வெள்ளையாக நிறைய வந்தால் மஞ்சள் அலரி. இரண்டுமே கொடிய நஞ்சு, மஞ்சள் அலரிக் கொட்டையால் நம் நாட்டில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. கையுறை போடாமல் வெட்டாதீர்கள். வெட்டியதை எரிக்கவும் வேண்டாம், புகையும் கெடுதி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், மஞ்சள் அலரியை வேரோடு எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். நந்தியாவட்டையிலும் பால் வரும், ஆனால் அதன் இலை இவ்வளவு ஒடுங்கலாக இருக்காது, சோடி சோடியாக இருக்கும்.

மூன்றாவது அநேகமாகச் செவ்வரத்தை. இலையைத் தண்ணீரில் கசக்கினால் வழுவழுவென்று வரும், தண்டை உரித்தால் நார் வரும். அது புதுக் கொப்பில் பூப்பது, அதனால் ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்கு வரை தைரியமாக வெட்டலாம். வெளிப்பக்கம் பார்க்கிற முளைக்குச் சற்று மேலே, சரிவாக வெட்டுங்கள். மதில் நிழலில் நிற்கிறதென்றால் எவ்வளவு வெட்டினாலும் பூ குறைவுதான், அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

பட்ட கொப்பை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பூத்த பிறகும் பிடிபடாவிட்டால், பூவும் இலையும் சேர்ந்த ஒரு சிறு கொப்பைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்துப் பேராதனைப் பூங்காவுக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். தேசிய உலர்தாவரச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. பூவில்லாத இலையை மட்டும் கொண்டுபோய்க் கேட்டால் அங்கே உள்ளவர்களுக்கும் சிரமம்.