டிவியில் 'உங்கள் மாவட்டத்தில் கனமழை' என்றால் அது எந்த ஊருக்கு?

"எங்கள் மாவட்டத்துக்குக் கனமழை என்று டிவியில் சொன்னார்கள், எங்கள் ஊரில் ஒரு துளி விழவில்லை. டிவி வானிலை அறிக்கை உண்மையில் எந்தப் பகுதிக்கானது?" என்பது கேள்வி.

மாவட்டம் முழுக்கக் கனமழை என்று மூல அறிக்கையில் அநேகமாகச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். தமிழ்ச் செய்தி சேனல்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை. அதில் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீலகிரி, கோவை மாவட்ட மலைப்பகுதிகள், தேனி, தென்காசி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது." டிவியின் அடியில் ஓடும் எழுத்தில் இவ்வளவுக்கு இடமில்லை. முதலில் வெட்டுப்படுவது "ஓரிரு இடங்களில்", அடுத்தது "மலைப்பகுதிகள்". மிஞ்சுவது "கோவையில் கனமழை". காந்திபுரத்தில் இருப்பவர் குடையோடு கிளம்புவார். மழையோ வால்பாறையிலும் சின்னக்கல்லாறிலும் கொட்டிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் கோவை நகரம் மலைக்குப் பின்னால் மழை மறைவில் இருப்பதால் இது ஜூன், ஜூலை மாதங்களில் அடிக்கடி நடக்கும்.

அந்த "ஓரிரு", "ஒருசில" எல்லாம் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விழுக்காடு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவாகலாம் என்றால் "ஓரிரு இடங்களில்". 26 முதல் 50 வரை "ஒருசில இடங்களில்". 51 முதல் 75 வரை "பல" அல்லது "அநேக இடங்களில்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". ஆக, "ஓரிரு இடங்களில் கனமழை" என்பது அப்படியே பலித்தாலும் மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கனமழை கிடையாது. ஒரே ஒரு மழைமானியில் அந்த அளவு விழுந்துவிட்டால்கூட அந்த வரியைப் பொய் என்று சொல்ல முடியாது.

"கனமழை" என்பதற்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. செய்தியில் இதை 7 முதல் 11 செ.மீ. என்பார்கள். 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. சாலையில் தண்ணீர் ஓடுகிற மாதிரி அரை மணி நேரம் அடித்து 4 செ.மீ. பதிவானால், கணக்குப்படி அது மிதமான மழைதான். நிற வரைபடம் இன்னும் குழப்பும். சேனல் கிராபிக்ஸில் மாவட்ட எல்லைக்குள் முழுக்க ஒரே நிறத்தைக் கொட்டிவிடுவார்கள். கோடை இடிமழை மேகமோ பல நேரம் சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். "வெப்பச்சலனம் காரணமாக" (தரைச் சூட்டில் காற்று மேலெழுந்து மேகமாவதால்) என்று செய்தி தொடங்கினால், ஊர்ப் பெயர் சொல்லிப் பலிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்த ஊர் என்பதைப் போலவே எந்த நேரம் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மாலை செய்தியில் "இன்று" என்று வருவது நாளைக் காலை 8.30 வரை செல்லும். நள்ளிரவு 2 மணிக்குப் பெய்யும் மழை "நாளை"யில் சேராது. பதிவான மழையளவுக்கும் இதே கணக்குதான்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ., 18ஆம் தேதி காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. அதாவது பெரும்பகுதி 17ஆம் தேதி பெய்தது.

இனி எல்லைப் பிரச்சினை. இந்தியாவை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒன்று. அதே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மாஹே கேரளத்தோடும், ஏனாம் கடலோர ஆந்திரத்தோடும் போய்விடும். மாநில அரசியல் வரைபடத்தைவிட இது நியாயமான பிரிவுதான். ஆனால் மாவட்ட முன்னறிவிப்பு என்று வரும்போது மறுபடி வருவாய்த் துறை எல்லைக்கே வந்து நிற்கிறோம். மழை தாலுகா எல்லை பார்ப்பதில்லை. அதனால் ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரியோடு தென் உள் கர்நாடகத்துக்கான முன்னறிவிப்பையும், கூடலூர், பந்தலூர்க்காரர்கள் வயநாட்டையும், செங்கோட்டைக்காரர்கள் கொல்லத்தையும், கும்மிடிப்பூண்டிக்காரர்கள் திருப்பதி மாவட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நீலகிரி ஒரே மாவட்டம் என்றாலும் இரண்டு வானம்: தென்மேற்குப் பருவமழை தேவாலா, கூடலூர் பக்கம் கொட்டும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் அதிகம் நனையும். "நீலகிரியில் மிக கனமழை" என்று வந்தால் மாதத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம்.

சென்னையிலும் இந்தச் சிக்கல் உண்டு. தாம்பரத்தில் இருப்பவர் தன்னைச் சென்னைவாசி என்பார், ஆனால் வானிலைப் பட்டியலில் அவர் செங்கல்பட்டு. ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. எச்சரிக்கை வரும் நாளில் உங்கள் தாலுகா எந்த மாவட்டப் பெயரின் கீழ் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். செயற்கைக்கோள் சேனலில் ஓசூருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே ஒளிபரப்புதான் போகிறது. உங்கள் பகுதிக்கென்று தனி வானிலைப் பகுதி வராது. 38 மாவட்டங்களை ஒன்றரை நிமிடத்தில் வாசித்தால் இப்படித்தான் இருக்கும். உள்ளூர் கேபிள் சேனல்களும் பெரும்பாலும் அதே வரியைத்தான் வாசிக்கின்றன.

நாள் கணக்கு அறிக்கையைவிட உங்களுக்குப் பயன்படுவது "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் குறுகிய கால எச்சரிக்கை. ஆனால் டிவி திரையில் அது காலாவதியான பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். "மதியம் 1 மணி வரை 10 மாவட்டங்களில் மழை" என்ற வரியை 2 மணிக்கும் பார்க்கலாம். "மணி வரை" என்ற சொல் இல்லாமல் வந்தால் நம்பாதீர்கள். வானிலைத் துறையின் மௌசம் தளத்தில் போய்ப் பாருங்கள்.

அதே தளத்தில் ரேடார் படமும் இருக்கும். சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் 250 கி.மீ. தொலைவு வரை காட்டினாலும் ஓரத்தை அப்படியே நம்ப முடியாது. காரைக்காலிலிருந்து மதுரை ஏறக்குறைய 220 கி.மீ. ரேடார் கதிர் தரைமட்டத்திலிருந்து 0.5 பாகை மட்டுமே மேல்நோக்கிச் சாய்ந்து கிளம்பினாலும், பூமியின் வளைவினால் மதுரைக்கு மேலே போகும்போது 4.5 கி.மீ. உயரத்தைத் தாண்டிவிடும். கீழே தாழ்வான மேகத்திலிருந்து விழும் தூறல் படத்தில் தெரியாது. உயரமாக வளர்ந்த இடிமேகம் மட்டும் தெரியும். சேலம் சென்னை ரேடாரின் வட்டத்துக்கே வெளியே இருக்கிறது. படத்தில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே படத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று படங்களைப் பார்த்தால் மேகம் எந்தத் திசையில் நகர்கிறது, வளர்கிறதா கரைகிறதா என்பது தெரிந்துவிடும். மொட்டை மாடியில் வற்றல் காய்கிறதா என்று கவலைப்படுகிறவருக்கு அது போதும்.