'ஒன்றும் செய்யாது' என்பது பதிலாகாது

கேள்வி: வேளச்சேரியில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் மகன் குடும்பத்தோடு வசிக்கிறேன். எனக்கு 61 வயது. எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு லாப்ரடார் நாய் வளர்க்கிறார்கள். ப்ரூனோ என்று பெயர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுவதால், காலை எட்டரையிலிருந்து இரவு ஏழு வரை அது பால்கனியில் சங்கிலியில் கிடந்து குரைத்துக்கொண்டே இருக்கிறது. மாலையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகன் கயிறு போடாமல் கீழே கூட்டிப் போகிறான். மார்கழியில் இரண்டு முறை, கீழ் வாசலில் நான் போட்ட கோலத்தின் மேலேயே அசிங்கம் செய்துவிட்டது. சொன்னதற்கு, கீழே பெருக்க வரும் பெண்ணைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னார்கள். லிஃப்டில் நாய் ஏறக் கூடாது என்று சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து அது படிக்கட்டில்தான் இறங்குகிறது. போன வாரம் அங்கேதான் என் ஆறு வயதுப் பேரன் மீது பாய்ந்தது. கடிக்கவில்லை. ஆனால் குழந்தை நடுங்கி, நின்ற இடத்திலேயே டிரவுசரை நனைத்துவிட்டான். "ஒன்றும் செய்யாது ஆன்ட்டி, விளையாடுகிறது" என்று சிரித்தார்கள். ஆத்திரத்தில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். இப்போது குடியிருப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. "பிஸ்கட்டில் எதையாவது வைத்துக் கொடுத்தால் கதை முடிந்தது" என்கிறார் ஒருவர். எனக்குத் தூக்கமே போய்விட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

– வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பேரனிடமிருந்து தொடங்குகிறேன். வளர்ந்த லாப்ரடார் ஒன்று முப்பது கிலோ இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை இருபது கிலோ. தன்னைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ள ஓர் உயிர் படிக்கட்டின் திருப்பத்தில் மேலே வந்து விழுந்தால், அது விளையாட வந்ததா கடிக்க வந்ததா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? கால் இடறியிருந்தால் பத்துப் படி உருண்டிருப்பான். கடித்தால்தான் காயம் என்று நினைப்பவர்கள் அந்த நனைந்த டிரவுசரைப் பார்த்துச் சிரித்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 'ஒன்றும் செய்யாது' என்பது வளர்ப்பவருக்கு அந்த நாயின் மேல் இருக்கும் நம்பிக்கை. அதே நம்பிக்கை அடுத்த வீட்டுக்காரருக்கும் இருந்தாக வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவின் காவலாளியுடைய ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும். கயிறு இல்லாமல் உள்ளே விடப்பட்ட வளர்ப்பு நாய்கள் அவை. உரிமையாளர் கைதானார். ப்ரூனோவும் அப்படிச் செய்யும் என்று சொல்ல வரவில்லை. லாப்ரடார் பொதுவாகச் சாது. ஆனால் கயிறு எல்லா நாய்க்கும் ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தில் கோலத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது இன்னொரு வரி. பெருக்க வரும் பெண்ணைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னார்கள் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் படிக்கட்டையும் நடைபாதையையும் பெருக்கச் சம்பளம் வாங்குகிறார். நாய் வளர்ப்பது அவருடைய ஆசையும் இல்லை, அதன் கழிவை எடுப்பது அவருடைய வேலையும் இல்லை. தான் ஆசையாக வளர்க்கும் நாயின் கழிவைத் தொடக் கூசுகிற கை, இன்னொருவர் கையை மட்டும் அதற்கு நீட்டச் சொல்வது அநியாயம். சங்கக் கூட்டத்தில் நீங்கள் வேறு எதைப் பேசினாலும் பேசாவிட்டாலும், இதைப் பேசுங்கள். "நாயின் கழிவைத் துப்புரவுப் பணியாளர் எடுக்க மாட்டார், கூட்டிவரும் வீட்டுக்காரரே எடுக்க வேண்டும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அவர் தானாக வாய் திறந்து கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார்.

எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை உறை போல மாட்டிக்கொண்டு அள்ளி, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டால் முடிந்தது. சட்டைப் பையில் இரண்டு பைகள் இல்லாமல் நாயோடு யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. இது வெறும் அருவருப்பு பற்றிய பேச்சும் இல்லை. நாயின் மலத்தில் கொக்கிப்புழு முட்டையும் உருளைப்புழு முட்டையும் இருக்கலாம். ஈர மண்ணில் பொரிக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலில் நடப்பவரின் தோல் வழியாகவே உள்ளே போகும். வாசலில் வெறுங்காலோடு குந்தி, விரல் தரையில் பட நீங்கள் கோலம் போடும் இடம் அது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் ஒரு மூலையில் கிடந்தது முற்றம் முழுவதும் பரவும்.

இப்போது உங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கக் கூடாது. 24 வீடும் பார்க்கிற இடத்தில் ஒருவரைக் குற்றம் சொன்னால், அவர் நாயைப் பற்றி யோசிக்க மாட்டார், தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். அந்தப் பதிவுக்குக் கீழே இனி எதுவும் எழுத வேண்டாம்.

செயலாளரின் நோட்டீஸும் தவறுதான். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியிலேயே குடியிருப்புச் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வளர்ப்பு நாய்க்குச் சங்கம் தடை போட முடியாது, பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் போட்டாலும் செல்லாது, லிஃப்டை மறுக்கக் கூடாது, அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது அது. சட்டத்தை விடுங்கள், விளைவைப் பாருங்கள். லிஃப்டில் நின்று இறங்கியிருக்க வேண்டிய நாயை, பிள்ளைகள் ஏறி இறங்கும் குறுகலான படிக்கட்டுக்குத் தள்ளியது அந்த நோட்டீஸ்தான். அதைக் கிழிக்கச் சொல்லி முதலில் கேட்பவர் நீங்களாகவே இருங்கள். கீழ் வீட்டுக்காரர் உங்களை நம்பத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, பிஸ்கட் பேச்சு. அதைச் சொன்னவரிடம் நேராகச் சொல்லுங்கள்: விலங்குக்கு விஷம் வைப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாயில்லாத ஜீவன் எவர் செய்த பிழைக்கும் நுரை தள்ளிச் சாக வேண்டியதில்லை. அந்த பிஸ்கட்டைத் தெருவில் விளையாடும் குழந்தை எடுக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்?

உண்மையில், இந்தக் கதையில் குழந்தைக்கு அடுத்தபடி துன்பப்படுவது ப்ரூனோதான். பத்தரை மணி நேரம் ஒரே இடத்தில் சங்கிலியோடு கிடக்கிற நாய் குரைக்காமல் என்ன செய்யும்? தனிமையில் குரைக்கிறது, சலிப்பில் குரைக்கிறது, சித்திரை வெயில் பால்கனிக்குள் இறங்கும்போது தாகத்தில் குரைக்கிறது. நாள் முழுவதும் அடக்கி வைத்த வேகம்தான் மாலையில் கதவு திறந்ததும் படிக்கட்டில் பாய்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, நாயை நீண்ட நேரம் சங்கிலியிலேயே கட்டிப்போட்டு உலாத்த விடாமல் வைத்திருப்பதையும் வதை என்றே சொல்கிறது. குரைப்பதை நிறுத்தச் சொல்லி அவர்களிடம் கேட்டால் சண்டைதான் வரும். "மத்தியானம் பாவம் ரொம்ப நேரம் கத்துகிறது, தண்ணீர் தீர்ந்துவிடுகிறதோ என்று தோன்றுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். தாங்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே பல பேருக்குத் தெரிவதில்லை.

போக வேண்டியது ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில். அவர்கள் ஆபீஸிலிருந்து களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போது போகாதீர்கள். மகனையோ மருமகளையோ படையாக அழைத்துப் போகவும் வேண்டாம். குழுவில் எழுதியதற்கு வருத்தம் சொல்லுங்கள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: வீட்டுக் கதவைத் தாண்டும்போதே கயிறு, கையில் பை, நாயை இழுத்துப் பிடிக்கத் தெம்புள்ள பெரியவர் ஒருவர். எட்டாம் வகுப்புப் பையனால் முப்பது கிலோ இழுப்பை நிறுத்த முடியாது. அவனைக் குறை சொல்லாமல் சொல்லுங்கள். மத்தியானம் ஒரு முறை வந்து தண்ணீர் வைத்து நாயை உலாத்திவிட ஆள் போடலாம் என்றும், கூடத்தில் மின்விசிறியின் கீழ் விட்டுப் போகலாம் என்றும் யோசனை சொல்லலாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய்தான், ஆனால் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிடைக்காது. உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய்.

இரண்டு வாரம் பொறுங்கள். மாறவில்லையென்றால் அதன் பிறகு எல்லாம் எழுத்தில். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார் என்று குறித்து வாருங்கள். சங்கத்துக்குக் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வழி காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் அதைத் தடுக்காமல் அலட்சியமாக இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கடித்த பிறகுதான் புகார் தர வேண்டும் என்று அதில் இல்லை. இதை ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் எடுக்காதீர்கள். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நானும் நாய் வளர்த்த வீட்டில் பிறந்தவள்தான். எனக்கு ஒன்பது வயதில், எங்கள் நாய் பால்காரரின் மகனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. வழியில் போனவனைக் கடித்தது, தவறு முழுவதும் எங்களுடையது. அப்பா அவனைக் கிணற்றடியில் உட்காரவைத்து, துணி சோப்பைப் போட்டு நுரை நுரையாகத் தேய்த்துக் கழுவினார். அவன் அழ அழ, வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஒவ்வொரு நாளும் அப்பாவே அவனைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது ஒரு பன் வாங்கித் தருவார். வீட்டுக் கதவுக்குக் கீழ்த் தாழ்ப்பாள் வந்தது அந்த வாரம்தான். நாய் வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது.

அப்பா தெரிந்தோ தெரியாமலோ சரியாகச் செய்தது அந்தக் கழுவல். இன்றும் முதல் மருந்து அதுதான். எந்த நாயாக இருந்தாலும், பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். கட்டும் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். இப்போது கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து தவணையோடு முடிந்துவிடும். 'தடுப்பூசி போட்ட நாய்தானே' என்று யார் சொன்னாலும் நிற்காமல் போங்கள். வெறிநோய் வந்த பிறகு அதற்கு மருந்தில்லை.

பேரனுக்கு ஒரு விளையாட்டுப் போலப் பழக்குங்கள். நாய் நெருங்கினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையை மார்போடு கட்டிக்கொண்டு மரம் போல நிற்க வேண்டும். ஓடுவதைத்தான் நாய் துரத்தும். கூடத்தில் நீங்களே நாயாக வந்து, அவனை மரமாக நிற்கவையுங்கள்.

கீழ் வீட்டில் பேச்சு நல்லபடி முடிந்தால், "வந்து தொட்டுப் பார், ஒன்றும் செய்யாது" என்று அவனை உடனே கூப்பிடுவார்கள். விடாதீர்கள். அவன் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்தே சில நாள் பார்க்கட்டும். கீழே ப்ரூனோ கயிற்றோடு நடப்பதும், கூப்பிட்டதும் உட்காருவதும் அவன் கண்ணில் படட்டும். என்றைக்காவது அவனாகவே "பாட்டி, கீழே போகலாமா" என்று கேட்பான். அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடங்கள். கேட்காமலே போனாலும் பரவாயில்லை.